சல்லடையில் தங்கியது

சுப்பம்மா இன்றைக்கும் சேற்றைச் சல்லடையில் போட்டு அலசிக்கொண்டிருந்தாள். இரத்தினபுரியில் மாணிக்கக் கல் தேடுகிறவர்கள் இப்படித்தான் அலசுவார்கள். மேலே நின்று பார்த்த சூப்பவைசர் தனபாலனுக்கு இருந்த கொஞ்ச நஞ்சச் சந்தேகமும் தீர்ந்துவிட்டது.

கண்டிக்கு மேலே, மலைச்சரிவில் எழும்பும் ஹோட்டல் அது. பள்ளத்தை நிரப்ப, ஹேவாஹெட்டப் பாதையோரம் மலை சரிந்து விழுந்திருந்த மண்ணை லொறி லொறியாகக் கொண்டுவந்து கொட்டியிருந்தார்கள். மழை பெய்தால் அது கரைந்து கீழே ஓடையில் இறங்கும். அதைத் தடுக்க மணல் மூட்டை அடுக்கி, சேறு தங்க ஒரு குழியும் வெட்டியிருந்தார்கள்.

குழியை அள்ளும் வேலையில் யாரும் இரண்டு நாள் நிற்கவில்லை. முதல் லொறி வந்த வாரத்திலேயே தானாக வந்து வேலை கேட்டவள் சுப்பம்மா. ஒரு மாதமாக ஒருநாள் லீவு எடுக்கவில்லை. இப்படி ஓர் ஆள் கிடைத்ததே என்று தனபாலன் பூரித்துப்போயிருந்தார், அந்தச் சல்லடையைக் காணும்வரை.

"அள்ளிக் கொட்டுறத விட்டுட்டு என்னா சலிக்கிற? குழி நெறஞ்சு சேறு ஓடைக்குப் போனா வேலையவே நிப்பாட்டிப்புடுவாங்க!"

"மழைக்கு முந்தி அள்ளிர்றேங்க ஐயா."

"இதுவரைக்கும் எத்தன கல்லு எடுத்த?"

"கல்லெல்லாம் இல்லீங்க."

அவளுடைய வலது கை இறுக மூடியிருந்தது. தனபாலன் சப்பாத்துக் காலோடு குழிக்குள் இறங்கினார்.

"கையத் தொற. இல்லாட்டி நாளைக்கு வேலைக்கு வராத."

"ஐயா, அப்பிடிச் சொல்லாதீங்க. சம்பளம்கூட வேணாம், இந்தக் குழிய மட்டும் நானே அள்ளுறேன்."

சம்பளமே வேண்டாமாம். அப்படியானால் பெரிய கல்தான். தனபாலன் அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார்.

உள்ளே ஒரு வெள்ளைப் பொத்தான். பள்ளிக்கூடச் சட்டைத் துணி ஒரு துண்டு அதில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"இது யாருது?" தனபாலனின் குரல் இறங்கிவிட்டது.

சுப்பம்மா அழவில்லை. பொத்தானை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு, சல்லடையைத் திரும்பவும் சேற்றுக்குள் விட்டாள்.

"எங்க லயத்து வீடுகள மூடுன மண்ணுங்க இது. எம் புள்ள இன்னும் கெடைக்கலைங்க ஐயா."