காணாமல் போன கல்

"சிஸ்டர், ஒன்பதாம் நம்பரோட கல்லைக் காணோம்."

ஸ்கேன் படத்தை நீட்டிய டாக்டரின் முகம், சட்டைப்பையில் வைத்திருந்ததை யாரோ அடித்துக்கொண்டு போனது போல் இருந்தது. திங்கட்கிழமை வெளிநோயாளிப் பிரிவில் எடுத்த படத்தில் பட்டாணி அளவுக்குச் சிறுநீரகக் கல். இன்று வியாழக்கிழமை, கல் இருந்த சுவடே இல்லை.

தலைமை நர்ஸ் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். வார்டில் அவருக்கு 'ஏன் சிஸ்டர்' என்று பட்டப்பெயர். போன மாதம் மூன்று நாள் பயிற்சிக்குப் போய், எதையும் கேள்வி கேட்காமல் நம்பக் கூடாது என்று கற்றுக்கொண்டு வந்தவர். அன்றிலிருந்து காய்ச்சல் நூற்றிரண்டு என்றால் தெர்மாமீட்டரையே குறுக்கு விசாரணை செய்வார்.

பதினோரு மணிக்கு இயக்குநர் வருகிறார். ஒரே ஒரு குளறுபடி கண்ணில் பட்டாலும் புது அட்டெண்டரைப் பிரசவ வார்டுக்குத் தூக்கிவிடுவேன் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார். இரண்டு வருடம் நாற்பது கடிதம் எழுதிக் கிடைத்த ஆள். அவரை விடுவதைவிட ஏன் சிஸ்டர் தன் சிறுநீரகத்தில் ஒன்றைக் கழற்றிக் கொடுத்துவிடுவார்.

திங்கட்கிழமை வார்டு வாசலில் அந்த மனிதர் வந்து நின்றதுமே, "வந்துட்டீங்களாய்யா" என்று ஓடிப்போய்த் தள்ளுவண்டியை அவர் கையில் திணித்தது இவர்தான். மனிதர் எறும்புக்கே வேலை சொல்லிக்கொடுப்பார். ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு மறு கையால் ஆக்சிஜன் சிலிண்டரை உருட்டுவார். துணி மூட்டையோடு மூன்று மாடியும் ஏறி இறங்குவார். அவர் துடைத்த தரையில் முகம் பார்த்து நர்ஸுகள் தலை வாரிக்கொண்டார்கள்.

"ஏன் கல் இல்ல?" என்று விசாரணையை ஆரம்பித்தார் ஏன் சிஸ்டர்.

ஸ்கேன் மிஷின் சரியாக இருந்தது. படமும் மாறவில்லை. கரைந்திருக்குமோ என்று சின்ன நர்ஸ் இழுத்தாள். கொடுத்தது வலி மாத்திரை, அதற்குக் கரைய அது என்ன கற்கண்டா என்று சிஸ்டர் வாயை அடைத்தார். டாக்டரோ இதை உலகத்துக்கே கட்டுரையாக எழுதப்போவதாகச் சொல்லி, தலைப்பு யோசிக்க ஆரம்பித்திருந்தார்.

"ஒன்பதுக்கு ராத்திரி வலி வந்துதா?"

"இல்ல சிஸ்டர். குறட்டைதான் வந்துது."

நோயாளியின் பெயர் என்ன என்று கேட்டதற்கு யாருக்கும் பதில் தெரியவில்லை. முப்பது பேருக்கு மூன்று நர்ஸ். பெயர் கேட்டு நலம் விசாரித்தால் காலை மாத்திரை மறுநாள் காலைதான் போய்ச் சேரும். அதனால் இங்கே கட்டில் எண்தான் மனிதர்.

பத்து ஐம்பத்தைந்து. நான்கு நாளாக யாருக்கும் தோன்றாத ஒன்றைச் செய்தார் ஏன் சிஸ்டர். நேராகப் போய் ஒன்பதையே கேட்டார்.

"வலி எப்போலேர்ந்து இல்ல?"

"எனக்கு வலி எப்பவுமே இல்லீங்க சிஸ்டர். அதைச் சொல்லத்தான் திங்கக்கிழமைலேர்ந்து வாயைத் திறக்கிறேன். திறந்தா தெர்மாமீட்டரை வெச்சுடறாங்க."

"அப்புறம் ஏன் இந்தக் கட்டில்ல படுத்திருக்கீங்க?"

"உங்களைப் பார்த்து இதைக் கொடுக்கணும்னு வந்து, ஓரமா உட்கார்ந்தேன். அவ்வளவுதான், ஊசி போட்டுட்டாங்க." தலையணைக்கு அடியிலிருந்து ஒரு கசங்கிய காகிதத்தை எடுத்து நீட்டினார்.

வார்டு அட்டெண்டராக அவரை நியமித்த உத்தரவு.

சிஸ்டர் அதை மூன்று முறை படித்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக, ஏன் என்று கேட்க அவருக்குப் பயமாக இருந்தது. நடைபாதைக் கோடியில் இயக்குநரின் பூட்ஸ் சத்தம் நெருங்கிக்கொண்டிருந்தது.

அப்போது பின்னாலிருந்து, நெற்றி வியர்வையைத் துடைத்தபடி, தள்ளுவண்டிக்காரர் பணிவாகக் கேட்டார்:

"சிஸ்டர், கல்லு நேத்தே விழுந்துடுச்சு. இந்த வைத்தியம் இன்னும் எத்தனை நாளைக்கு?"