சிராங்கூன் சாலையில் டிராமை நிறுத்தியவள்

"தினமும் ஒரு பொண்ணுக்காக டிராமை நிறுத்துறியாமே மாணிக்கம்? யார் அவ?"

ஓடும் டிராமில் டிரைவருக்குப் பின்னால் நின்று கேட்டார் டிராம் கம்பெனி இன்ஸ்பெக்டர் வேலாயுதம். பயணிகள் புகார் செய்திருந்தார்கள். இன்று கையும் களவுமாகப் பிடித்துவிட்டால் மாணிக்கத்தின் வேலை போய்விடும்.

"அவங்க கை காட்டினா நிறுத்தாம இருக்க முடியாதுங்க ஐயா."

"அவ்வளவு அழகா?"

மாணிக்கம் திடுக்கிட்டான். "அப்படியெல்லாம் பேசாதீங்க ஐயா. கேக்கவே பயமா இருக்கு."

பின்னால் உட்கார்ந்திருந்த வெற்றிலைக்கடை இப்ராஹீம் ராவுத்தர் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்.

"ஏன், அவளுக்கு அப்பன் இல்லையா? கண்டிக்க மாட்டானா?"

"இருக்காருங்க. கண்டிக்கிறதுதான் அவருக்கு வேலையே." மாணிக்கம் வேகத்தைக் குறைத்தான். "ஐயா இங்கேயே இறங்கிடுங்களேன். இன்னொரு நாள் பார்த்துக்கலாம்."

"அவ முகத்தைப் பார்க்காம இறங்க மாட்டேன்."

எருமைத் தொழுவங்களைத் தாண்டியதும் டிராம் நின்றது.

தண்டவாளத்தின் நடுவே ஒரு சிறுமி, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றாள். ஒரு கை டிராமுக்கு 'நில்' என்றது, மறு கை சாலையோரத்துப் பிள்ளைகளை 'வா' என்றது. சிலேட்டும் கையுமாக, ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டு, வாத்துக் கூட்டம்போல் அவர்கள் சாலையைக் கடந்தார்கள்.

"டிராம் வந்ததுலேர்ந்து தாய்மாருங்க பயந்துபோய்ப் பிள்ளைங்களைப் பள்ளிக்கூடத்துக்கு விடலைங்க. இந்தப் பொண்ணுதான் வீடு வீடாப் போய், நான் பத்திரமாக் கூட்டிட்டுப் போறேன்னு அழைச்சிட்டு வருது," என்றான் மாணிக்கம்.

"அதுக்கு டிராமை மறிப்பாளா? இவ அப்பனைப் போய் நாலு கேள்வி கேக்கறேன் பாரு."

வேலாயுதம் குதித்து இறங்கி, விறுவிறுவென்று அவளை நெருங்கினார். சிறுமி திரும்பினாள்.

"அப்பா, தண்டவாளத்துல நிக்காதீங்க. டிராம் வரும்."

டிராம் முழுவதும் சிரிப்பில் அதிர்ந்தது. வரிசையின் கடைசியில் தள்ளாடி வந்த வாண்டு ஒன்று, பிடிக்கச் சட்டை எட்டாமல், வேலாயுதத்தின் விரலைப் பிடித்துக்கொண்டது.

"ஐயா," மாணிக்கம் தயங்கித் தயங்கிக் கேட்டான், "வண்டியை எடுக்கட்டுங்களா?"

வேலாயுதம் மற்றொரு கையை டிராமை நோக்கி நீட்டினார்.

"இருப்பா. நாங்க இன்னும் தாண்டலை."