பத்து விரலும் ஒரு ஊசியும்

மூதூர் லோஞ்சுப் படகால் இறங்கிக் கட்டைபறிச்சானுக்கு வந்து சேர்ந்த இரத்தினசிங்கத்தின் வாய் ஒரு பக்கம் கோணிக் கிடந்தது. மகள் பூரணி என்ன கேட்டும் பதில் இல்லை.

"இது வாதம். பத்து விரலிலயும் குத்தி இரத்தம் எடுத்தால் இறங்கிடும்," என்று கமலேஸ்வரி மாமி ஊசியோடு வந்தாள்.

பூரணி ஊசியைப் பறித்தாள். "மூளையில இருக்கிற அடைப்பு விரலால வெளியில வராது, மாமி."

"அப்ப இஞ்சித் தண்ணியாவது பருக்குவம்."

"புரையேறிச் செத்துப்போவார். ஒண்டும் குடுக்காதேங்கோ."

"நீ டொக்டருக்கோ படிச்சனீ?"

"விலங்கியல். அதுக்கே இவ்வளவு தெரியும்."

ஊரடங்குக்கு முன் போகும் கடைசி லோஞ்சை விட்டால், திருகோணமலை ஆஸ்பத்திரி நாளைக்குத்தான். அதுவரை அப்பா தாங்கமாட்டார். பக்கத்து வீட்டு உழவு இயந்திரத்தை வாசலுக்கு வரவழைத்தாள். இரத்தினசிங்கம் தலையை ஆட்டி ஆட்டி ஏற மறுத்தார்.

"அடம் பிடிக்காதேங்கோ அப்பா. எனக்கு நீங்கள் உயிரோட வேணும்," என்று அழுதுவிட்டாள் பூரணி.

அவர் வாய்க்குள் இருந்த பஞ்சைக் கையில் துப்பினார்.

"ஆஸ்பத்திரியில இருந்துதான் பிள்ளை வாறன். கடைவாய்ப் பல்லுப் புடுங்கினது. ஊசி போட்ட விறைப்பு இன்னும் போகேல்ல. நாலு மணி ஆகும் மட்டும் பஞ்சைக் கடிச்சுக்கொண்டு கதைக்காமல் இருக்கச் சொன்னவை."

"சொல்லிப்போட்டுப் போயிருக்கலாமே?"

"சொன்னால் நீயும் கூட வருவாய். நான் பயந்து கத்தினால் சிரிப்பாய் எண்டு சொல்லேல்ல."

பூரணிக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாய் வந்தன. "அப்ப எழுதியாவது காட்டியிருக்கலாமே?"

"இந்த வீட்டில எழுதப் படிச்சது நீ ஒராள்தானே," என்று கோணல் வாயால் பெருமையாய்ச் சிரித்தார் இரத்தினசிங்கம்.