படத்தில் இல்லாதவர்

கட்டப்போகும் அடுக்ககங்களைக் கணினியில் படமாக்கும் வேலைக்கு இளவழகன் ஒரு மென்பொருளைக் கற்க வேண்டியிருந்தது. கிடைத்த இரண்டில் ஒன்றில், படத்தில் வைக்க எல்லா வயது மனித உருவங்களும் இருந்தன. அதைக் கற்க ஒரு வருடமாகும். பத்து நாளில் கைவந்துவிடும் இன்னொன்றில் இளைஞர்கள் மட்டுமே. அவன் இரண்டாவதைக் கற்றான்.

படத்தில் உள்ளபடியே கட்டடமும் குடியிருப்போரும் இருக்க வேண்டும் என்று பிறகு சட்டம் வந்தது.

தான் படமாக்கிய அடுக்ககத்திலேயே அவன் குடியேறினான். மதுரையிலிருந்து பெட்டியோடு வந்த அப்பாவைக் காவலாளி வாசலில் மறித்தார்.

"படத்துல நரைச்ச தலையே இல்லீங்களே சார்."

"அந்தப் படத்தப் போட்டதே நான்தான்யா!"

"அப்பவே இவரையும் போட்டிருக்கலாமே?"

இளவழகன் பக்கத்துச் சலூனில் அப்பாவுக்குக் கறுப்புச் சாயம் பூசி, உள்ளே அழைத்துப்போனான்.

லிஃப்டில் அப்பா சொன்னார்: "யாராச்சும் கேட்டா அண்ணன்னு சொல்லுப்பா."