இரட்டைப் பிள்ளைக்காரியின் கால்

இரட்டைப் பிள்ளை பெற்றவள் மிதித்தால் இடுப்புப் பிடிப்பு விட்டுவிடும் என்று அந்தத் தெருவே நம்பியது. விடிந்ததும் யாராவது திலகவதியின் வாசலில் வந்து குப்புறப் படுத்துக்கொள்வார்கள். இடது காலால் மிதித்துவிட்டு அவள் உலையைப் பார்க்கப் போவாள். அந்த இரண்டு பிள்ளைகளையும் சுமந்து சுமந்து இற்றுப்போன அவளுடைய இடுப்பைக் கேட்கத்தான் நாதியில்லை.

"எனக்கு யாருங்க மிதிக்கிறது?" என்று ஒருநாள் கணவனிடம் கேட்டாள்.

"உனக்கென்ன, உப்பை வறுத்து நீயே ஒத்தடம் குடுத்துக்க" என்றான் மாசிலாமணி. சொன்ன வாய் மூடவில்லை, செருப்பை எடுக்கக் குனிந்தவன் நிமிர முடியாமல் அலறினான். "ஐயோ, வந்து மிதிடி!"

பிள்ளைகளின் தூளிகள் இரண்டுக்கும் நடுவே அவனைப் படுக்கச் சொன்னாள். இடது காலை வைத்தாள். பிறகு வலது காலையும் வைத்து ஏறி நின்றாள்.

"விட்டுடுச்சு, போதும் இறங்கு. புள்ளைங்க வேற அழுவுது பாரு."

"ஆமா, அழுவுதுங்க" என்றாள். இறங்காமலே கையை நீட்டி, தூளிக்கு ஒன்றாக இரண்டு பிள்ளைகளையும் தூக்கி இடுப்பின் இரண்டு பக்கமும் இருத்திக்கொண்டாள். பிறகு, ஆற அமரத் தாலாட்டுப் பாடத் தொடங்கினாள்.