தம்பிக்குக் கிடைத்த லீவு

"லீவு கேன்சல் ஆயிடுச்சு ஷமீரா. முதலாளி விட மாட்டேங்கிறார்" என்று அபுதாபியிலிருந்து அவள் புருஷன் சித்தீக் போனில் சொன்னான்.

அந்த வாரம் முடிவதற்குள் அவன் தம்பி அப்சர் பெட்டியோடு அய்யம்பேட்டை வீட்டு வாசலில் வந்து நின்றான்.

ஷமீராவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அண்ணன், தம்பி இரண்டு பேருக்கும் ஒரே கடையில்தான் வேலை. சித்தீக் ஊருக்கு வந்து இரண்டரை வருஷமாகிறது. அவன் போன பிறகு பிறந்த மகள் அத்தாவை போட்டோவில்தான் பார்த்திருக்கிறாள். அப்சரோ கல்யாணம் முடித்துப் போய் ஐந்து மாசம்கூட ஆகவில்லை.

"புதுப் பொண்டாட்டி கூப்பிட்டா மட்டும் முதலாளி உடனே விட்டுடுவார் போல!"

மாமியார் மெஹராஜ் பேகம் காதில் விழும்படிதான் சொன்னாள். மாமி அப்சரின் பெட்டியை எடுத்து உள்ளே வைத்தார்.

மறுநாளிலிருந்து அப்சரும் அவன் பொண்டாட்டி ஷமாவும் தினம் காலையில் தஞ்சாவூருக்குக் கிளம்பினார்கள். தெருவில் நெல் காயப் போட்டிருந்ததால் திரும்பி வரும் கார் முனையிலேயே நின்றுவிடும். அங்கிருந்து அப்சர் அவள் கையைப் பிடித்து மெதுவாக நடத்திக் கூட்டி வருவான்.

ஷமீரா அடுப்படி ஜன்னல் வழியாகப் பார்த்துப் பொருமுவாள்.

போதாக்குறைக்கு மாமி வேறு ஷமாவுக்கு ஆட்டுக்கால் சூப், முட்டை, பழம் என்று தாங்கினார்.

"நான் பிள்ளை பெத்துப் படுத்திருந்தப்பகூட இவ்வளவு கவனிப்பு இல்லையே மாமி?"

"இந்த சூப்பை அவகிட்ட கொடுத்துட்டு வாம்மா" என்றார் மாமி.

ஷமா சுருண்டு படுத்திருந்தாள். ஷமீரா கிண்ணத்தை ணங்கென்று வைத்தாள்.

"என்ன ஷமா, ஊர் சுத்திக் களைச்சிட்டியா? அப்சரை இன்னும் எத்தனை நாளைக்கு முந்தானையில முடிஞ்சு வச்சிருக்கப் போறே?"

ஷமா எழுந்து உட்கார்ந்தாள்.

"எனக்கு மார்புல கட்டி, ராத்தா. கேன்சராம். கீமோ கொடுத்தா அப்புறம் பிள்ளை உண்டாகறது சந்தேகம்னுட்டாங்க. அதனால முன்கூட்டியே கருமுட்டையை எடுத்து, அவங்களோடது சேர்த்து, கருவாக்கி உறைய வைக்கணுமாம். அதுக்குத்தான் தினம் ஊசி. அதுக்குத்தான் அவங்க வந்தாங்க. ஊருக்குத் தெரிஞ்சா என்ன பேசுவாங்களோன்னு நாந்தான் மாமிகிட்ட யாருக்கும் சொல்லாதீங்கன்னு கெஞ்சினேன்."

ஷமீரா கட்டிலில் உட்கார்ந்து அவள் தலையைத் தடவிக் கொடுத்தாள். கண் கலங்கியது. ஆனாலும் உள்ளே குத்திக்கொண்டிருந்தது போகவில்லை.

"அல்லா உனக்கு ஒரு குறையும் வைக்க மாட்டான். கேட்டதும் ஓடி வர்ற புருஷன் உனக்கு இருக்காரு. எனக்கு அந்தக் கொடுப்பினைகூட இல்லை."

ஷமா அவளை ஆச்சரியமாகப் பார்த்தாள்.

"பெரிய மச்சான் உங்ககிட்ட சொல்லவே இல்லையா ராத்தா? கடையில ஒரு சமயத்துல ஒருத்தருக்குத்தான் லீவு. தன் மகளைப் பார்க்க வாங்கின லீவைத்தான், இனிமே பொறக்கப் போற என் பிள்ளைக்காக இவங்களுக்கு விட்டுக் கொடுத்திருக்காங்க."