துவரம்பருப்பு அளவு கரி

தில்லி ஆய்வகத்தின் ஜன்னலில் தை மாதத்து வெயில் பனிமூட்டத்தைக் கடந்து இப்போதுதான் வந்து விழுந்திருக்கிறது. துடைத்த தரையின் ஈரம் மின்னுகிறது. மேசையில் ஒரு கண்ணாடிக் குழாய். அதற்குள் அமிலத்தில் மூழ்கி, துவரம்பருப்பு அளவில் ஒரு கரித்துண்டு சின்னச் சின்னக் குமிழி விட்டுக்கொண்டிருக்கிறது. ஆதிமனிதர்கள் குகையில் மூட்டிய அடுப்பிலிருந்து கிடைத்தது. இருப்பது இது ஒன்றுதான்; வயதைக் கண்டுபிடித்து முடிக்கும்போது இதுவும் தீர்ந்துவிடும். இளவரசி இடுக்கியோடு குனிகிறாள். "மேடம், நெத்தி," என்கிறாள் தரை துடைக்கும் தாயம்மாள். இளவரசி சட்டென்று பின்வாங்குகிறாள். காலையில் மலைமந்திர் முருகன் கோயிலில் பூசிய விபூதி. அதில் ஒரு துளி உதிர்ந்தாலும் போதும், போன மாதத்துச் சாணத்தின் கார்பன் கலந்து, நாற்பதாயிரம் வருஷமாவது இருக்கும் என்று நினைக்கிற கரிக்கு வயது குறைந்துவிடும். முகம் கழுவித் துடைத்துக்கொண்டு அவள் திரும்பும்போது, தாயம்மாள் மாப்பைச் சுவரில் சாய்த்துவிட்டுத் தள்ளி நின்றபடியே குழாயைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். தமிழர்கள் குடியிருந்த மதராசி கேம்ப் குடிசைகளை இடிக்கும்வரை அங்கே விறகடுப்பில் சமைத்தவள். "கட்டை முழுசா எரியல மேடம். தண்ணி தெளிச்சு அணைச்சிருக்காங்க." "அப்படியா? எதுக்கு அணைக்கணும்?" இளவரசிக்குச் சிரிப்பு வருகிறது. தாயம்மாள் சிரிக்கவில்லை. மாப்பை எடுத்து வாளியில் நனைக்கிறாள். "கரி மிஞ்சும்ல. நாளைக்கு அடுப்பு மூட்ட வேணாமா?"